4 ஜிபி கணினியில் ஸ்வாப் அமைப்பது எப்படி? லினக்ஸ் பயனருக்கான முழுமையான வழிகாட்டி

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பர் மாதத்தில் மன்னார்குடிப் பக்கத்துக் கணினி மையம் எதிலும் நிற்க இடம் இருக்காது. அடங்கல், வங்கிப் புத்தக நகல், ஆதார் நகல் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு இருக்கும். அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்துவிடும். சுட்டியை அசைத்தால் அரை நிமிடம் கழித்து நகரும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்துவார்கள். ஸ்கேன் செய்து இன்னும் சேமிக்காமல் இருந்த நான்கைந்து பேரின் ஆவணங்கள் போய்விடும். காலையில் இருந்து காத்திருந்தவர் மறுபடியும் காத்திருப்பார்.

என் மையத்தில் மூன்று கணினிகள் இருக்கின்றன. மூன்றிலும் லினக்ஸ், 4 ஜிபி ரேம். ரேமில் இடம் போதாதபோது அதில் உள்ளதைத் தள்ளி வைக்க வட்டில் ஒதுக்கும் இடம்தான் ஸ்வாப்; மூன்றிலும் அதை அமைத்திருக்கிறேன். மாலையில் பயில வரும் மாணவர்களின் மடிக்கணினிகளிலும் இதே வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். கட்டளைகள் யாருக்கும் கடினமாக இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை, பெரிய எழுத்து என்று சொல்லும் இடங்களைத் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். நிர்வாகி உரிமையில் கட்டளையை ஓட்டும் சூடோ இல்லாமல் இந்த வேலையில் பாதியைக்கூடச் செய்ய முடியாது.

வட்டில் காலியிடம் வேண்டும். "டிஎஃப் -எச்" கட்டளையைக் கொடுத்து, லினக்ஸ் நிறுவியுள்ள மூலப் பகிர்வில் ('/' என்று காட்டும் வரி) எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 4 ஜிபி ஸ்வாப் வேண்டுமென்றால் குறைந்தது 10 ஜிபி காலியாக இருக்கட்டும். ஸ்வாப் கோப்பை வைத்து மூலப் பகிர்வை நிரப்பிவிட்டால், நினைவகப் பிரச்சினை தீருவதற்கு முன்பே கணினி வேறு காரணத்துக்காக நின்றுபோகும்.

மின்சாரம் போனாலும் அணையாத கணினியாக இருக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், காற்றும் மழையுமாக இருக்கும் மாலையில் இதைத் தொடங்காதீர்கள். அமைப்புக் கோப்பு ஒன்றில் கை வைக்கப்போகிறோம். அது பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போவது நல்லதல்ல.

லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவ் பக்கத்தில் இருக்கட்டும். கணினி துவங்க மறுத்தால் உள்ளே போவதற்கு அதுதான் வழி.

2. ரேமில் எதை வெளியேற்ற முடியும், எதை முடியாது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்வாப் பற்றிய தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

இயங்குதளம் ரேமைச் சிறு துண்டுகளாகப் பிரித்து நிர்வகிக்கிறது. ஒரு துண்டுக்குப் பக்கம் என்று பெயர். நாம் பயன்படுத்தும் வழக்கமான கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. 4 ஜிபி ரேம் என்றால் சுமார் பத்தரை லட்சம் பக்கங்கள். இடம் குறையும்போது எந்தப் பக்கத்தை வெளியேற்றலாம் என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் தேடுகிறது.

ஜெராக்ஸ் கடை மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இரண்டு வகைத் தாள்கள் கிடக்கின்றன. ஒன்று, பட்டாவின் நகல். மூலம் பத்திரமாக வேறிடத்தில் இருப்பதால், இடம் வேண்டும் என்றால் நகலைக் கிழித்துப் போடலாம்; தேவைப்பட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, விவசாயி உட்கார்ந்து கையால் நிரப்பிய விண்ணப்பம். அதற்கு வேறு பிரதி கிடையாது. இழுப்பறை இருந்தால் அதில் வைக்கலாம். இல்லாவிட்டால் மேசையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நிரல்களின் குறிமுறை, வட்டிலிருந்து படித்த கோப்புகள் ஆகியவை முதல் வகை. மூலம் வட்டில் இருப்பதால் கர்னல் அவற்றை அப்படியே விட்டுவிடலாம். திருத்தப்பட்டு இன்னும் எழுதப்படாமல் இருந்தால், எழுதிவிட்டு விடும். உலாவியில் திறந்திருக்கும் இணையப் பக்கங்களின் தரவு, சேமிக்காத கடிதம், ஸ்கேனர் மென்பொருள் பிடித்து வைத்திருக்கும் படம் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றுக்கு வட்டில் இடமே கிடையாது. அந்த இழுப்பறைதான் ஸ்வாப்.

"ஸ்வாப்பே வேண்டாம், அதை அணைத்துவிட்டால் கணினி வேகமாகும்" என்று பலர் சொல்கிறார்கள். அணைத்துப் பார்த்தால், நெருக்கடி நேரத்தில் ஹார்ட் டிஸ்க் விளக்கு முன்பைவிடக் கூடுதலாகவே எரியும். காரணம் எளிது. இரண்டாம் வகைப் பக்கங்களை நகர்த்த முடியாததால், கர்னல் முதல் வகையை மட்டுமே திரும்பத் திரும்ப வெளியேற்றுகிறது. அதில் உலாவியின் சொந்தக் குறிமுறையும் அடக்கம். வெளியேற்றிய அடுத்த நொடியே அது தேவைப்படும். மறுபடி வட்டிலிருந்து படிக்க வேண்டும். காலையில் திறந்துவிட்டு மாலைவரை யாரும் தொடாத விரிதாள் மட்டும் ரேமில் சுகமாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். காலி இடம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், பின்னணியில் கேஸ்வாப்டி என்ற கர்னல் செயல்முறை விழித்துப் பக்கங்களை விடுவிக்கத் தொடங்கும். அதனால் ஈடுகொடுக்க முடியாதபோது, நினைவகம் கேட்ட நிரலே தன் வேலையை நிறுத்தி, இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நாம் "ஹேங் ஆகிவிட்டது" என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான்.

3. மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

அளவீட்டைக் கூட்டம் இருக்கும் நேரத்தில் எடுங்கள். காலையில் கணினியைப் போட்டவுடன் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

"ஃப்ரீ -எச்" கட்டளையைக் கொடுங்கள். புதியவர்கள் 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையில் 150 எம்பி என்று பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை. கர்னல் அதைக் கோப்புகளுக்கான தற்காலிகச் சேமிப்பாகப் பயன்படுத்திக்கொள்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள 'அவைலபிள்' நெடுவரிசை. புதிய நிரல்களுக்கு ஸ்வாப்பைத் தொடாமல் எவ்வளவு தர முடியும் என்ற மதிப்பீடு அது. அங்கே ஒன்றரை ஜிபி இருந்தும் கணினி மந்தமாக இருந்தால், பிரச்சினை நினைவகத்தில் இல்லை. இந்த வழிகாட்டியை மூடிவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

அடுத்து "விஎம்ஸ்டாட் 1" என்று கொடுங்கள். நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது கணினி துவங்கியதிலிருந்து எடுத்த சராசரி. அதன்பின் வரும் வரிகளில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நெடுவரிசைகளைப் பாருங்கள். எஸ்ஐ, ஸ்வாப்பிலிருந்து ரேமுக்குள் வருவது. எஸ்ஓ, ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது.

நாளிதழில் மேட்டூர் நிலவரம் படிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீர்மட்டம் இத்தனை அடி என்பது ஒரு கணக்கு. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்பது வேறு கணக்கு. அணை 120 அடியும் நிரம்பி நின்றாலும், வெள்ளம் வருமா என்பதை வரத்தையும் திறப்பையும் வைத்துத்தான் சொல்வோம். ஸ்வாப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது நீர்மட்டம். எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் வரத்தும் திறப்பும்.

என் மையத்தில் ஒரு கணினி ஸ்வாப்பில் 1.1 ஜிபி வைத்திருந்தது. எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் சுழியம். அதில் யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. பக்கத்துக் கணினியில் 300 எம்பிதான். ஆனால் இரண்டு நெடுவரிசைகளிலும் ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உறைந்துபோனது அந்தக் கணினிதான். எப்போதாவது ஓர் எண் வந்து போவது இயல்பு. இரண்டும் சேர்ந்து நிமிடக்கணக்கில் இறங்காமல் நின்றால்தான் நோய்.

இந்த எண்களைத் தாளில் குறித்து வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது.

4. எவ்வளவு வேண்டும்

ரேமைப்போல இரண்டு மடங்கு என்ற பழைய விதியை விட்டுவிடுங்கள். 2 அல்லது 4 ஜிபி ரேமுக்கு 4 ஜிபி ஸ்வாப் வைக்கிறேன். 8 ஜிபிக்கு மேல் இருந்தால் 2 முதல் 4 ஜிபி போதும். திறந்திருப்பதை அப்படியே சேமித்துக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதி வேண்டும் என்பவர்கள் மட்டும் ரேம் அளவுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அணையும்போது ரேமில் இருப்பது அங்கேதான் எழுதப்படுகிறது.

அதிகம் வைத்தால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தால் நொடிக்கு ஏறத்தாழ 100 முறைதான் படிக்க முடியும். ஒவ்வொரு முறையும் 4 கேபி என்றால் நொடிக்கு 400 கேபி. அந்த வேகத்தில் 400 எம்பியைத் திரும்பக் கொண்டுவர 17 நிமிடம் ஆகும். பக்கத்தில் உள்ள சில பக்கங்களையும் கர்னல் சேர்த்துப் படிப்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் 16 ஜிபி ஸ்வாப் வைத்த கணினியில் ஒரு நிரல் கட்டுப்பாடில்லாமல் நினைவகத்தைத் தின்னத் தொடங்கினால், அது 16 ஜிபியையும் தின்று முடிக்கும்வரை நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

5. ஏற்கெனவே என்ன இருக்கிறது

"ஸ்வாப்ஆன் --ஷோ" என்று கொடுங்கள். உபுண்டு போன்றவை நிறுவும்போதே ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்கிவிடுகின்றன. அதைப் பார்க்காமல் அதே பெயரில் புதுக் கோப்பு எழுத முயல்வதுதான் நான் அதிகம் கண்ட தவறு.

இருப்பதைப் பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் அதை ஸ்வாப்ஆஃப் கட்டளையால் நிறுத்துங்கள். அப்போது ஸ்வாப்பில் உள்ள அத்தனையும் ரேமுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே 'அவைலபிள்' அளவு, பயன்பாட்டில் உள்ள ஸ்வாப் அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உலாவியை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

6. கோப்பை உருவாக்குவது

நான்கு கட்டளைகள், இதே வரிசையில்.

சூடோ டிடி இஃப்=/டெவ்/ஜீரோ ஓஎஃப்=/ஸ்வாப்ஃபைல் பிஎஸ்=1எம் கவுண்ட்=4096

இதில் 1எம் என்பதன் எம் மட்டும் பெரிய எழுத்து. 1 எம்பி அளவில் 4096 முறை சுழியங்களை எழுதினால் 4 ஜிபி. ஃபால்லோகேட் என்ற கட்டளை நொடியில் முடித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஸ்வாப்புக்கு எழுதும்போது கர்னல் கோப்பு முறைமையின் வழியாகப் போவதில்லை. கோப்பு வட்டில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று முன்பே குறித்துக்கொண்டு நேராக அங்கே எழுதுகிறது. அதனால் கோப்பில் துளைகளே இருக்கக் கூடாது. டிடி உண்மையாகவே எழுதி நிரப்புவதால் அந்தச் சந்தேகம் எழாது. சில நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

'ஓஎஃப்' என்பதற்குப் பின்னால் வரும் பெயரை என்ட்டர் தட்டும் முன் இரண்டு முறை படியுங்கள். அந்த இடத்தில் வட்டின் பெயர் வந்துவிட்டால், கேள்வி எதுவும் கேட்காமல் முழு வட்டையும் சுழியங்களால் எழுதத் தொடங்கிவிடும். பழைய கட்டளையை மேல்நோக்கு விசையால் வரவழைத்துத் திருத்துகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

சூடோ சிஎச்மாட் 600 /ஸ்வாப்ஃபைல்

இதைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். ரேமில் இருந்த எதுவும் இந்தக் கோப்புக்குள் போகலாம்: கடவுச்சொல், ஊராரின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண். அனுமதியைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் வேறு பயனர் அதைப் படிக்க முடியும். கணினியை அணைத்த பிறகும் அவை வட்டில் இருக்கும். பிறரின் ஆவணங்களைக் கையாளும் மையம் நடத்துகிறவர்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்கும் முன் முழுவதும் அழித்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

சூடோ எம்கேஸ்வாப் /ஸ்வாப்ஃபைல்

இது கோப்பின் தலைப்பகுதியில் ஸ்வாப்புக்கான அடையாளத்தை எழுதுகிறது. அந்த அடையாளம் இல்லாத கோப்பைக் கர்னல் ஏற்காது.

சூடோ ஸ்வாப்ஆன் /ஸ்வாப்ஃபைல்

மறுபடி "ஸ்வாப்ஆன் --ஷோ" கொடுத்தால் புதிய கோப்பு 4 ஜிபி என்று தெரிய வேண்டும்.

உங்கள் கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்றால் மேலே உள்ள வழி சரிவராது. அதில் நகலெடுத்து எழுதும் முறையை அந்தக் கோப்புக்கு மட்டும் அணைக்க வேண்டும். புதிய பதிப்புகளில் பிடிஆர்எஃப்எஸ் கருவியிலேயே இதற்கென எம்கேஸ்வாப்ஃபைல் என்ற துணைக்கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

7. மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கச் செய்வது

இதுவரை செய்தது கணினியை அணைக்கும்வரைதான். நிலைக்க வேண்டுமென்றால், துவங்கும்போது எந்தப் பகிர்வுகளையும் ஸ்வாப்பையும் இயக்குவது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் (இடிசி அடைவில் உள்ளது) ஒரு வரி சேர்க்க வேண்டும். முதலில் அந்தக் கோப்பை வேறு பெயரில் நகலெடுங்கள். பிறகு நானோ போன்ற உரைத்திருத்தியில் திறந்து, கடைசி வரியாக இதைச் சேருங்கள்:

/ஸ்வாப்ஃபைல் நன் ஸ்வாப் எஸ்டபிள்யூ 0 0

உரைத்திருத்தியில் செய்யுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாணவர் எக்கோ கட்டளையால் இந்த வரியைச் சேர்த்தார். இரண்டு அம்புக்குறி (>>) போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டார். கோப்பில் இருந்த மற்ற வரிகள் அனைத்தும் அழிந்து, இந்த ஒரு வரி மட்டும் மிஞ்சியது. கணினி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நல்லவேளை, நகல் இருந்தது. அப்படியே மறுதொடக்கம் செய்திருந்தால் மூலப் பகிர்வு எழுத முடியாத நிலையிலேயே நின்றிருக்கும்.

சேர்த்த வரி சரியா என்று மறுதொடக்கம் செய்யாமலே பார்க்கலாம். ஸ்வாப்ஆஃப் கொடுத்து அந்தக் கோப்பை நிறுத்துங்கள். பிறகு "சூடோ ஸ்வாப்ஆன் -ஏ" கொடுங்கள். இது எஃப்எஸ்டேப்பைப் படித்துத்தான் ஸ்வாப்பை இயக்கும். கோப்பு பட்டியலில் திரும்ப வந்துவிட்டால் வரி சரி. அதற்குப் பிறகே மறுதொடக்கம்.

8. ஸ்வாப்பினெஸ்: அவசரப்படாதீர்கள்

ஸ்வாப்பினெஸ் என்பது கர்னலின் ஓர் அமைப்பு எண். இதன் இயல்பு மதிப்பு 60. ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். இது சதவீதமே இல்லை. 2ஆம் பகுதியில் சொன்ன இரண்டு வகைப் பக்கங்களில் எதை வெளியேற்றுவது மலிவு என்று கர்னலுக்கு நாம் தரும் ஒப்பீடு. 100 என்றால் இரண்டும் சமம். கர்னல் 5.8 முதல் 200 வரை வைக்கலாம். 100க்கு மேல் வைத்தால் ஸ்வாப் செய்வது மலிவு என்று பொருள்.

0 என்று வைக்காதீர்கள். நெருக்கடி முற்றும்வரை இரண்டாம் வகைப் பக்கங்களைத் தொடாமல், உலாவியின் குறிமுறையையே மறுபடி மறுபடி வெளியேற்றும் நிலைக்கு அது கொண்டுபோகும். முதல் வாரம் 60லேயே விடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு நாளுக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து விஎம்ஸ்டாட்டைப் பாருங்கள். கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளையால் செய்த மாற்றம் மறுதொடக்கத்தில் போய்விடும், நிலைக்க, சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு கோப்பாக எழுத வேண்டும்.

9. 2 ஜிபி மடிக்கணினிகளுக்கு இசட்ரேம்

2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. என்னிடம் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும்தான். அவற்றில் வட்டு ஸ்வாப்பை மட்டும் நம்புவது வேதனை. இசட்ரேம் அங்கே உதவுகிறது.

வெளியேற்ற வேண்டிய பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் சுருக்கி, ரேமின் ஒரு பகுதியிலேயே வைப்பது இசட்ரேம். சுருக்கவும் விரிக்கவும் செயலிக்குச் சிறிது வேலை கூடும். ஆனால் பழைய செயலியாக இருந்தாலும் அது ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம்.

உபுண்டு, டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் பெர்சென்ட் மதிப்பை 50 என்று வையுங்கள். நிறுவிய பின் "ஸ்வாப்ஆன் --ஷோ" கொடுத்து முன்னுரிமை நெடுவரிசையைப் பாருங்கள். இசட்ரேமின் எண் வட்டுக் கோப்பின் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய எண் உள்ளதுதான் முதலில் நிரம்பும். தலைகீழாக இருந்தால் மெதுவான வட்டு முதலில் நிரம்பி, இசட்ரேம் சும்மா இருக்கும்.

வட்டுக் கோப்பை நீக்கிவிட வேண்டாம். இசட்ரேமும் நிரம்பினால் அடுத்துப் போக ஓரிடம் வேண்டும். இசட்ஸ்வாப் என்ற வேறொரு வசதி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஒரே பக்கத்தை இரண்டு இடத்தில் சுருக்கப் பார்ப்பதில் பயன் இல்லை.

10. மீண்டும் உறைந்தால்

பவர் பட்டனைத் தொடாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள். அது வரவே ஓரிரு நிமிடம் ஆகலாம்; பொறுத்திருங்கள். உள்ளே நுழைந்து "டாப்" கட்டளையைக் கொடுத்து, பெரிய எம் எழுத்தை அழுத்தினால் நினைவகத்தை அதிகம் பிடித்திருக்கும் நிரல் மேலே வரும். அதை மட்டும் நிறுத்துங்கள். மற்றவர்களின் ஆவணங்கள் பிழைக்கும்.

ஒரு நிரல் தானாகவே மறைந்துவிட்டால், "ஜர்னல்சிடிஎல் -கே" வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற சொற்றொடரைத் தேடுங்கள். ரேமும் ஸ்வாப்பும் தீர்ந்தபோது, அதிகம் பிடித்திருந்த நிரலைக் கர்னலே நிறுத்தியிருக்கும். எந்த நிரல், எத்தனை மணிக்கு என்று அங்கே இருக்கும்.

எல்லாம் செய்த பிறகும் கூட்ட நேரத்தில் எஸ்ஐ, எஸ்ஓ ஆயிரங்களிலேயே நின்றால், உங்கள் வேலைக்கு ரேம் போதவில்லை. கடைக்குப் போகும் முன் "சூடோ டிஎம்ஐடிகோட் -டி மெமரி" கொடுத்து, டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒரு வகை மற்றதில் பொருந்தாது. புதிய ரேமைப் போட்ட பிறகு, 3ஆம் பகுதியில் தாளில் குறித்த அதே நேரத்தில், அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.